தண்ணீர் வற்றும் மாதம்

குற்றாலத்தில் அருவித் தண்ணீர் குறைந்த பிறகுதான் அந்தச் செடி பூக்கும். பாசியைப் போலப் பாறையோடு ஒட்டி, மழைக்காலம் முழுக்க வெள்ளத்துக்கு அடியிலேயே கிடக்கும். தை மாதம் பாறை வெளியே தெரிந்ததும் அவசரமாகப் பூத்து வெயிலில் காய்ந்துவிடும். ஜெபமலர் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி அந்தப் பூவைப் பற்றியது.

ஆனால் தை மாதத்தில் அவளால் ஊருக்கு வர முடிவதில்லை. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பா ஏசுதாசனால் பட்டப்படிப்பு வரைக்கும்தான் படிக்கவைக்க முடிந்தது. மேற்படிப்பை அந்த உத்தியோகம்தான் தாங்கியது. பகலெல்லாம் மாணவிகளுக்குச் செடித் தண்டை மெல்லிசாகச் சீவக் காட்டுவாள். சாயங்காலம் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்துவாள். ராத்திரி ஹாஸ்டல் மேற்பார்வை. இரண்டு தை அப்படியே போயின.

மூன்றாம் வருஷம், 1939 தை மாதத்தில், ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியை அவளையே, செடிகள் பார்க்கப் போகும் மாணவிகளுக்குப் பொறுப்பாகக் குற்றாலத்துக்கு அனுப்பினார். ஜெபமலர் ரயிலில் தூங்கவே இல்லை.

அந்த வருஷம் மழை பிந்திப் பெய்திருந்தது. சிற்றருவிக்கு மேலே பாறைகளின் மீது இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். மொட்டுகள் மூடியே இருந்தன.

இன்னும் ஒரு வாரம் இருக்க அனுமதி கேட்டுப் பேராசிரியைக்குத் தந்தி கொடுத்தாள். மாணவிகளோடு திரும்பு என்று பதில் வந்தது.

சாப்பாடு கொண்டுவந்த அப்பா அதைப் படித்துவிட்டு, “போகாம இங்கனயே இருந்திரேன்” என்றார்.

“வேலை போயிரும்பா.”

“போனாப் போவுது. சுரண்டை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் எப்போ கல்யாணம்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காக.”

“வேலை போனா படிப்பும் போயிரும்.”

ஏசுதாசன் தண்ணீருக்குள் கையை விட்டு மொட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, “பூ எப்படி இருக்கும்னு சொல்லு. நான் பறிச்சு வைக்கேன்” என்றார்.

பூ கெடாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றிய சீசாக்களை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் ரயிலேறினாள்.

தை முடியும்போது அவரே சீசாக்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். தினமும் விடியற்காலையில் பாறைக்குப் போய்விட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் வழுக்கி விழுந்ததில் முழங்கை வீங்கியிருந்தது. பூக்கள் ஒன்றுகூடக் கசங்கவில்லை. ஜெபமலர் ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்கு ஓடினாள்.

அவர் மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்தார். “அருமையாக இருக்கிறது. ஆனால் பாறையில் இது பூத்ததை நீ பார்க்கவில்லையே. அடுத்த பருவத்தில் உன் கண்ணால் பார்த்துவிட்டு எழுது. அப்போது ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.”

“அப்படியானால் அடுத்த ஜனவரியில் விடுமுறை வேண்டும், மேடம்.”

“ஜனவரியிலா? ஆய்வுக்கூடத்தை யார் பார்ப்பது?” என்றார் அவர். கோபமே இல்லை. “உன் வேலையை இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்லியிருக்கிறேன். வேலையை நினைத்துக் கவலைப்படாதே.”

ஜெபமலர் நன்றி சொன்னாள். சீசாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். “என்ன சொல்லுதாக?”

“பூ நல்லா இருக்காம். நானே பாறையில பார்த்துட்டுத்தான் எழுதணுமாம்.”

“பார்க்க விடுவாகளா?”

“மாட்டாங்கப்பா.”

“அப்போ இங்கயிருந்து எப்படிட்டி வெளிய வருவ?”

வீங்கிய அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் போட்டாரா என்று கேட்டாள். போட்டதாக அவர் சொன்னார். சுரண்டைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்கத் தொடங்கியபோது மணி அடித்தது. மாணவிகள் படியேறி வந்தார்கள். ஒருத்தி, “மிஸ், எங்க மேஜையில பிளேடு இல்ல” என்றாள்.

“வரேன்” என்று சொல்லிவிட்டு, ஜெபமலர் இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்தபடி உள்ளே போனாள்.