பின்னோக்கி ஓடிய மீட்டர்

தையல்காரர் மனைவியின் கவலையில்தான் அந்தத் தெரு முழுவதும் பல வருஷங்களாக எரிந்தது. தெருவிளக்குகள், முடிதிருத்தும் கடை விசிறி, ஐஸ் கடைப் பெட்டி, மாவு மில்லின் ராட்சதக் கல் எல்லாமே அவள் கவலைப்படக் கவலைப்பட ஓடின. மின்சார அலுவலகத்துக்காரர்கள் முதலில் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, அந்தத் தெருவுக்கென்று நின்றிருந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றி லாரியில் ஏற்றி, இருட்டில் கிடந்த வேறோர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டு மீட்டரோ பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி, அந்த வீடு கட்டுவதற்கு முந்தைய காலத்து எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கவலைப்பட ஆயிரம் இருந்தன. மகன் லாரி ஓட்டுகிறவன். அவன் வண்டியை எடுத்த நாளெல்லாம் பகலிலேயே பல்புகள் கண்ணைக் கூசவைக்கும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைத்தாளானால், முடிதிருத்தும் கடையில் வெட்டிய மயிரெல்லாம் விசிறிக் காற்றில் வெட்டப்பட்டவர் தலைக்கே திரும்பிப் போகும். ஒன்றும் இல்லாத நாளில், ஒன்றும் இல்லாமல் இருக்கிறதே என்று கவலைப்படுவாள். அப்படியும் வெளிச்சம் மங்கினால் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மாவு மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "ஏங்க்கா, மலைப்பாதையில ஏதோ லாரி கவுந்துடுச்சாமே. நம்ம தம்பி எந்தப் பக்கம் போயிருக்கு?" அவ்வளவுதான், மில் பிய்த்துக்கொண்டு ஓடும். கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருகிறவரும் அவர்தான். ஆனால் அவள் கண்ணை மூடித் தூங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. கண்கள் உள்ளே போய், கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அந்த வெளிச்சத்திலேயே துணி தைத்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு, ஒவ்வொரு தையலும் தன் நெஞ்சில் விழுவதுபோல் இருந்தது.

அக்கம்பக்கமே இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விட்டால் அவள் தூங்குவாள் என்று வீட்டை விற்கத் துணிந்தார். பார்க்க வந்தவர்களோ மீட்டரைப் பார்த்ததும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக ஒரு புது ஜோடிக்கு வீடு பிடித்துப்போனது. வீட்டைச் சோதிக்க ஆள் அனுப்புகிறோம், அவர் சரி என்றால் சரி என்றார்கள். வந்தவர், கட்டடங்களில் குறை கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஊரில் அவருக்குப் பெயரே குறைக்காரர்தான். சுவரைத் தட்டியே உள்ளே எலி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அந்த மனுஷருக்கு எந்த வீட்டிலும் முதல் வேலை மீட்டர். எல்லாச் சுவிட்சையும் அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் சக்கரத்தைப் பார்ப்பார். நின்றால் வீடு யோக்கியம். ஓடினால் எங்கோ திருட்டு. இதற்கு மேல் உலகத்தில் எதையும் அவர் நம்பியதில்லை.

மெயினை இறக்கினார். சக்கரம் நிற்கவில்லை, பின்னோக்கி ஓடியது. தலைக்கு மேலே விசிறியும் சுற்றியது. ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் சுற்றியது. கூரையில் ஏறினார், பரணில் தவழ்ந்தார், பக்கத்து வீட்டு மதிலில் கால் போட்டுத் தொங்கினார். ஒட்டடையும் தும்மலும்தான் மிச்சம். இறங்கி வந்து, "கள்ள லைன். அப்படித்தான் எழுதப்போறேன்" என்றார்.

தையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"யார் காதுல பூ சுத்துறீங்க? அப்படின்னா உங்க வீட்டம்மாவை ஒரு நிமிஷம் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க, பாப்போம்."

"ஐயோ, என்னால முடியலைன்னா என்ன செய்வீங்க?" என்றாள் அவள். விசிறி கழன்று விழுவதுபோல் ஆடியது.

இதற்குள் வாசலில் கூட்டம். வீடு கைமாறினால் தெரு இருண்டுவிடுமே என்று, ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். புது இடத்தில் ஆஸ்பத்திரி தூரமாம், பாம்பு உண்டாம். குறைக்காரருக்குக் கத்தலில் வேலை ஓடவில்லை. தெருக்காரர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். கூரையில் ஏதாவது கம்பியை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தில் ஒரு நாற்காலியை மீட்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு, "அம்மா, இங்க உக்காருங்க. சக்கரத்துல சிவப்புக் கோடு ஒண்ணு வரும். வர்றப்பல்லாம் 'வந்துச்சு'ன்னு குரல் குடுங்க. வேற எதையும் நீங்க பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கூரையில் ஏறினார்.

அவளிடம் இப்படி ஒரு வேலையை யாரும் கொடுத்ததே இல்லை. கோடு வந்தது, "வந்துச்சு" என்றாள். போனது, மறுபடி வந்தது. அது போனால் வந்துவிடும் என்பது நிச்சயமாக இருந்தது. லாரியில் போகும் மகனைப்போல் இல்லை. கூரையிலிருந்த குறைக்காரருக்கு முதலில் குரல் மேல் குரலாகக் கேட்டது. அப்புறம் இரண்டு 'வந்துச்சு'க்களுக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் இரண்டு மூச்சு. இறங்கி ஓடிவந்து பார்த்தார். சக்கரம் தள்ளாடி ஒரு சுற்று வந்து, சிவப்புக் கோட்டை நேர் எதிரே நிறுத்திவிட்டு அசையாமல் நின்றது. விசிறி ஓய்ந்தது. அவள் தலை தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது. தெருவில் ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. மில் கல் நின்றது. தையல்காரர் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார்.

கதவு இடிபட்டது. குறைக்காரர் ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, அந்த அகலத்தில் தானே நின்றுகொண்டார். எதிரே உடம்பெல்லாம் மாவோடு மில்காரர்.

"சார், அக்காவை எழுப்புங்க. பாதி மூட்டை கல்லுக்குள்ள நிக்குது. லாரி கவுந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எழுப்பக் கூடாது."

"ஏன் கூடாது? கள்ள லைன்னுதான எழுதப்போறீங்க? அப்ப அவங்க தூங்கினா என்ன, முழிச்சா என்ன? வழி விடுங்க."

குறைக்காரர் திரும்பி ஒருமுறை நாற்காலியைப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"கள்ள லைன் இல்லைய்யா. எல்லாம் அந்தம்மாதான். என் கண்ணால பார்த்தேன், போதுமா?" என்றார். "மெதுவாப் பேசு."