ஏழாம் நம்பர் கட்டை

'க்ரீச்'சென்று ஓர் அலறல். மனுஷக் குரலா, இரும்பா என்று புரிவதற்குள் அறுந்த ரம்பச் சங்கிலி சாட்டையாய்ச் சுழன்று விழுந்தது. வருடாந்தர மரச்சிற்பத் திருவிழாவின் மைதானத்தில் மற்ற மெஷின் ரம்பங்களும் ஒவ்வொன்றாக வாயை மூடின.

அவள் தன் ரம்பத்தை அணைத்துவிட்டு ஓடினாள். பக்கத்துக் கூடாரத்தில் நாத்தனார் இடது கையை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையுறை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"அண்ணி, விரல் இருக்கா பாருங்க. எனக்குப் பார்க்கப் பயமா இருக்கு."

"அஞ்சும் இருக்குடி. எண்ணிட்டேன்."

"போட்டில ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷம்தானே?"

"போடி இவளே!"

முதலுதவிக்காரர்கள் கட்டுப் போடும்போது, அவள் நாத்தனார் செதுக்கிக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் கட்டையைக் குனிந்து பார்த்தாள். பாதி செதுக்கிய ஆந்தையின் கழுத்தில் ஆணி மின்னியது. வளரும்போது மரம் விழுங்கிய ஆணியென்றால் சுற்றிலும் கறுத்துப்போயிருக்கும். இங்கே வெள்ளை வெளேரென்று இருந்தது. போதாததற்கு, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த தடம் வேறு.

நேற்றைய குலுக்கலில் அந்தக் கட்டை விழுந்தது அவளுக்குத்தான். இன்று காலை, "அந்தக் கணு என் ஆந்தைக்குக் கண்ணு மாதிரியே இருக்கு அண்ணி, மாத்திக்கலாமா?" என்று நாத்தனார் கொஞ்சினாள். வேலை தொடங்கும்வரை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. மாற்றிக்கொண்டார்கள்.

ஜெயிப்பவருக்குத் தலைநகரச் சிற்பக்கூடத்தில் இரண்டு வருஷ வேலை. அதற்காகவே ஒரு வருஷமாக உள்ளங்கை காய்த்துப்போக உழைத்தவள் அவள். அதைக் கெடுக்க நினைத்தது யார்? நேற்று மாலை, குலுக்கல் முடிந்தபின், கட்டைகளை மெட்டல் டிடெக்டரால் சோதித்து முத்திரை குத்தியது வனக்காவலரான அவள் கணவன். "ரெண்டு வருஷமா? நான் என்ன சாமியாராப் போறதா?" என்று போன வாரம் அவன் சிரித்தது நினைவுக்கு வந்தது. சேச்சே, என்று தலையை உதறிக்கொண்டாள்.

காலையிலிருந்து மைதானத்தின் மறுகோடியில் மரமேறும் போட்டியை நடத்திக்கொண்டிருந்தவன், இப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். தங்கையின் கையைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"என்ன ஆச்சு?"

"கட்டைக்குள்ள ஒரு ஆணிங்க," என்றாள் அவள், அவன் முகத்தையே பார்த்தபடி.

அவன் மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்துவிட்டு மறுபடி மனைவியிடமே திரும்பினான். பதற்றத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"ஆணி உன் கட்டைலதானே இருந்துச்சு?"