ஒரே ஒரு வீட்டின் பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை தானாக வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல், டார்ம்ஸ்டாட்டில் சிவப்பிரியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது டோர்ட்மண்டிலிருந்து மகேந்திரராஜா அண்ணை தொலைபேசி எடுத்தார். அங்கே அவள் படித்த தமிழ்ப் பாடசாலைக்கு இருபது வயதாகிறது. ஆண்டு மலர் போடுகிறார்கள். மலருக்குப் பொறுப்பு அவர்தான்.

"பிள்ளை, உம்மட கதை ஒண்டு வேணும். எங்கட பொம்பிளைப் பிள்ளையள் இஞ்ச படிச்சு முன்னுக்கு வந்ததைப் பற்றி. நீர் இப்ப எஞ்சினியரெல்லே. கம்பஸில நடந்தது ஏதாவது எழுதும்."

"எனக்கு எழுத வராது அண்ணை."

"சும்மா விடும். கட்டுரைப் போட்டியில மூண்டு வருசம் முதலாம் பரிசு எடுத்த பிள்ளைக்கு ஏலாதெண்டா வேற ஆருக்கு ஏலும்?"

உச்சி குளிர்ந்து, ஓம் என்றுவிட்டாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கம்பஸில் அவளுக்கு நடந்த கதை ஒன்றே ஒன்றுதான். மிச்சமெல்லாம் பரீட்சை. அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "நான்" என்று தொடங்கிய முதல் பிரதியில் இரண்டாம் வரிக்குள்ளேயே பொய் நுழைந்துவிட்டது. அதனால்தான் தன்னையே "அவள்" ஆக்கி, கொஞ்சம் தள்ளி நின்று எழுதுகிறாள். தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நீங்கள் நினைத்தால், அதுவும் உண்மைதான்.

அந்த இலையுதிர்காலத்தில் நகரமெங்கும் மஞ்சள் பூத்து — (வேண்டாம். பழியை மரத்தின் தலையில் போடப் பார்க்கிறாள்.)

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தாள், உலகம் தெரியாத — (இருபத்தொரு வயது. எல்லாம் தெரியும்.)

2

நகரத்தின் பெயரை எழுதமாட்டாள். ஜேர்மனியின் தெற்கில், ஒரு பெரிய பல்கலைக்கழகம் உள்ள நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண்களுக்கு மட்டுமான நான்கு மாணவர் வீடுகள் இருந்தன. ஆற்றங்கரையோரம் தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகள். வாடகை குறைவு. யார் புதிதாக வந்து இருப்பது என்பதை உள்ளே இருக்கும் பெண்களே தீர்மானிப்பார்கள். சிவப்பிரியா இருந்த வீட்டில் பதினொரு பேர்.

2005இல் ஒரு புது முறை வந்தது. அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த ஒருத்தி அதைக் கொண்டுவந்தாள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த பெண்கள் சங்கங்கள் இருக்கின்றனவாம். வருடத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேசுவார்களாம். ஒவ்வொரு சுற்று முடியவும் வீடுகள் பிள்ளைகளைக் கழிக்கும், பிள்ளைகள் வீடுகளைக் கழிப்பார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் விருப்ப வரிசை எழுதிக் கொடுக்க, கணினி சோடி சேர்க்கும். எங்கள் ஆட்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. சாதகத்துக்குப் பதிலாகச் சிரிப்பைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நான்கு வீடுகளும் ஒப்புக்கொண்டன. மூன்று மாலைகள் சந்திப்பு. பிறகு ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த பிள்ளைகளை வரிசையாக எழுதும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த வீடுகளை வரிசையாக எழுதும். கணினி முதலில் பிள்ளையின் முதல் விருப்பத்தைப் பார்க்கும். அந்த வீட்டின் வரிசையில் அவள் பெயர் இருந்து, இடமும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அவளுடைய இரண்டாவது விருப்பத்துக்குப் போகும், பிறகு மூன்றாவதுக்கு. ஒரு வீட்டை மட்டும் எழுதிய பிள்ளைக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள்.

எந்தப் பிள்ளைக்கும் எந்த வீட்டாரும், இப்படி எழுது, அப்படி எழுது என்று சொல்லக்கூடாது என்பதும் விதி.

இன்னொரு விதி பழையது. வரிசை எழுதும் முன், ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு துணிப்பைக்குள் வெள்ளை அட்டையோ கறுப்பு அட்டையோ போடவேண்டும். ஒரு கறுப்பு அட்டை விழுந்தால் போதும், அந்தப் பெயர் இல்லை. போட்டது யார், ஏன் என்று எவரும் கேட்கக்கூடாது. பிடிக்காத ஒருத்தியோடு ஒரே குளியலறையில் யாரும் காலம் தள்ள வேண்டாம் என்பதற்காக வைத்த விதி. நல்ல நோக்கம்தான்.

3

இனி அந்தப் பிள்ளை வரவேண்டும். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கத் துணிவு வரவில்லை. "அந்தப் பிள்ளை" என்றே இருக்கட்டும்.

முதல் மாலை, வாசலில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்துவிட்டு நேரே குசினிக்குள் வந்தாள்.

"அக்கா, நீங்கள் டோர்ட்மண்ட் சிவப்பிரியா அக்காதானே? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நான் உங்களுக்கு ரெண்டு வகுப்புக் கீழ."

சிவப்பிரியாவுக்கு உண்மையாகவே சந்தோசம். (இதை நம்புங்கள். கதையில் அவளுக்குச் சாதகமாக இருப்பது இது ஒன்றுதான்.) ட்ராம் தரிப்பிடம் வரை கூடவே நடந்து போனாள்.

"அப்பா பொம்பிளைப் பிள்ளையள் மட்டும் இருக்கிற வீடெண்டாத்தான் விடுவாராம் அக்கா. கிடைக்காட்டி திரும்பி வா எண்டிட்டார். கட்டடக்கலைக்கு இஞ்ச மட்டும்தான் இடம் கிடைச்சது. அதான் பயமாக் கிடக்கு. நாலு வீட்டையும் எழுதலாமாம்."

"எங்கட வீட்டை மட்டும் எழுது. ஒண்டை மட்டும் எழுதினாத்தான் உண்மையான விருப்பம் எண்டு விளங்கும். மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"கட்டாயமோ அக்கா?"

"ஓம். பயப்பிடாத."

பிள்ளைகள் எழுதும் வரிசையைக் கணினி தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் எழுதுவதால் யாருக்கும் எதுவும் விளங்கப்போவதில்லை. இது சிவப்பிரியாவுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், உள்ளே தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் விதி தளரும் என்று நம்புவோம். அன்றைக்கு அந்தத் தெரிந்த ஆளாக இருக்கும் வாய்ப்பு அவளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினாள்.

4

மூன்றாம் மாலை, வெள்ளிக்கிழமை, விருந்து. இந்த இடத்தில் கதை மூன்று நாள் நின்றுவிட்டது. சிவப்பிரியா ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும்.

குசினி சிறியது. இரண்டு பேர் கறி வைத்தால் மணம் போகாது. வீட்டின் அமைதியை நினைத்துத்தான் அவள் — (பொய். ஆனால் அழிக்காமல் விடுகிறாள். பொய் எவ்வளவு லேசாக வருகிறது என்று நீங்களும் பார்க்கலாம்.)

உண்மை இது. இரண்டு வருடத்துக்கு முன் சிவப்பிரியாவையே இந்த வீடு தேர்ந்தெடுத்த மாலையில், ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "நீ போரைப் பார்த்திருக்கிறாயா?" சிவப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். ஒரு சொல் பேசவில்லை. ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். பத்து வெள்ளை அட்டைகள் விழுந்தன. அதன் பிறகு யாரும் அவளிடம் ஊர், குடும்பம் பற்றிக் கேட்டதில்லை. பட்டாசு வெடிக்கும் வருடப் பிறப்பு இரவுகளில் அவள் அறைக்கு யாராவது வந்து துணைக்கு இருப்பார்கள். அவளும் இருக்கவிட்டாள்.

அவள் பிறந்தது டோர்ட்மண்டில். இலங்கையை வீடியோ கசெற்றில்தான் பார்த்திருக்கிறாள்.

விருந்துக்கு அந்தப் பிள்ளை ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்தாள். பத்து நிமிடத்தில் டப்பா காலி. அவள் பேச்சும் கலகலப்பு. எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. அப்போது யாரோ கேட்டார்கள், நீங்கள் இருவரும் எப்படிப் பழக்கம் என்று.

அந்தப் பிள்ளை ஜேர்மன் மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நாங்கள் இரண்டு பேரும் டோர்ட்மண்டில் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். மருத்துவிச்சியும் ஒரே ஆள். அவரை எங்கள் அம்மாமார் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸில்கே மட்டும் நிமிர்ந்து சிவப்பிரியாவைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையைப் பிடித்தவள் ஸில்கேதான்.

விருந்தாளிகள் போன பிறகு பை சுற்றி வந்தது. அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பையைக் கவிழ்த்தபோது பத்து வெள்ளை, ஒரு கறுப்பு. எல்லோரும் ஸில்கேயைப் பார்த்தார்கள், முன்பு ஒருமுறை கறுப்பு போட்டதாக அவளே ஒப்புக்கொண்டிருந்ததால்.

"நான் இல்லை," என்றாள் ஸில்கே. யாரும் நம்பவில்லை. அவள் சிவப்பிரியாவை இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். அடுத்த சித்திரையில் வீட்டையே விட்டுப் போனாள். சிவப்பிரியா அவளுடைய பெட்டிகளை இறக்க உதவி செய்தாள்.

5

இத்தோடு நின்றிருந்தால் அவள் தன்னை மன்னித்திருப்பாள். பயத்தில் செய்தது என்று சொல்லியிருப்பாள். கதை இங்கே முடிந்திருக்கலாம் என்று அவளுக்கும் ஆசை.

ஆனால் பிள்ளைகள் தங்கள் வரிசையைக் கொடுக்கக் கடைசி நேரம் மறுநாள் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. பல்கலைக்கழக உணவகத்தின் முன்மண்டபத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நான்கு வீட்டாரும் முறைவைத்துப் பெட்டியடியில் இருந்தார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை சிவப்பிரியாவின் முறை.

பதினொன்றரைக்கு அந்தப் பிள்ளை வந்தாள். கையில் நான்காக மடித்த தாள்.

"அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறன். ஒரு வீடுதான்."

பக்கத்து மேசையில் வெற்றுத் தாள்கள் அடுக்கியிருந்தன. பேனையும் இருந்தது. "மற்றதையும் எழுதிவிடு" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். காரணம் கூடச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கவும் மாட்டாள். அரை மணி நேரம் இருந்தது.

"சரி," என்றாள் சிவப்பிரியா. பெட்டியைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பியும் கொடுத்தாள், போட வசதியாக.

திங்கட்கிழமை பெயர்களை ஒட்டினார்கள். பின்னேரம் அந்தப் பிள்ளை தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, ஒரு தாளிலயும் என்ர பேர் இல்லை. கொம்பியூட்டர்ல ஏதோ பிழை போல. ஒருக்கா கேட்டுப் பாக்கிறீங்களோ?"

"கேட்டுப் பாக்கிறன்."

யாரிடம் கேட்பது? ஒரு நாள் பொறுத்து, பிழை இல்லையாம் என்று சொன்னாள்.

"பரவாயில்லை அக்கா. நீங்கள் எவ்வளவோ பாத்தீங்கள். வீட்ட போறன்."

6

இனி முடிவு. சிவப்பிரியா சிலதை எழுதிப் பார்த்தாள்.

ஒன்றில், அவள் அன்றைக்கே டோர்ட்மண்டுக்கு ரயில் ஏறி, அந்தப் பிள்ளையின் தகப்பன் முன் நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவள் போகவில்லை.

இன்னொன்றில், அந்தப் பிள்ளை வேறொரு நகரத்தில் கட்டடக்கலை படித்து, பெரிய ஆளாகி, ஒரு கலியாண வீட்டில், "நல்லதாப் போச்சக்கா" என்கிறாள். இது வெட்கம் கெட்ட முடிவு. கெடுதல் செய்தவள் தானே எழுதித் தானே வாங்கிக்கொள்ளும் மன்னிப்பு.

மூன்றாவதை எழுதத் தொடங்கியபோது மகேந்திரராஜா அண்ணை மறுபடியும் எடுத்தார்.

"பிள்ளை, பதினைஞ்சாம் திகதிக்குள்ள அனுப்பும். பக்கமெல்லாம் அல்பேர்ட் அண்ணையின்ர மகள்தான் கட்டுறா. பேர்பெச்சுவா, தெரியுமெல்லே? அச்சகத்தில அவுஸ்பில்டுங் எண்டு தொழில் பழகி முடிச்சு, அங்கயே வேலை. ஒரு எழுத்துப் பிழை விடமாட்டா. முழுக்க வாசிச்சுத்தான் வைப்பா. உம்மட கதை வருதெண்டு சொன்னனான்."

சிவப்பிரியா கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னவா?"

"சிவப்பிரியா அக்கான்ர கதையோ எண்டு கேட்டவா."

"வேற?"

"வேற என்ன? எத்தினை பக்கம் விடவேணும் எண்டு கேட்டவா."

வாசகரே, இப்போது அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியும். ஒளித்து என்ன பயன்?

உடனே இன்னொரு கதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். பரீட்சைக்குப் பயந்த பெண், பனிக்காலம், முதல் சம்பளம், அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டை. ஒரு மாலையில் முடித்தும்விட்டாள். அதுவும் இப்போது கணினியில் இருக்கிறது. நல்ல கதை. மண்டபத்தில் கை தட்டுவார்கள்.

7

அனுப்புவது எதை என்று முடிவாகிவிட்டது. ஆகவே இந்தக் கடைசிப் பகுதி வாசகருக்கல்ல. முடிவை உங்களிடம் தருவதாகத்தான் முதலில் எண்ணம் இருந்தது. மன்னிக்கவேண்டும். அது உங்களுக்குச் சேரவேண்டியதல்ல.

பேர்பெச்சுவா, இதை நீ பக்கமாகக் கட்டிக்கொண்டிருப்பாய். "அவள்" என்று இருக்கும் இடமெல்லாம் நான்தான். கறுப்பு அட்டை என்னுடையது. கணினியில் பிழை இருக்கவில்லை. உன்னை ஒரு வீட்டை மட்டும் எழுதச் சொன்னேன். பிறகு அந்த வீட்டை நானே சாத்தினேன். அரை மணி நேரம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்கு வருடமாக இருக்கிறது. இதை எழுதியதால் அது குறையவில்லை.

இந்தக் கதைக்கு உன்னிடமும் ஒரு கறுப்பு அட்டை இருக்கிறது. நேரத்துக்கு வந்துசேரவில்லை என்று மகேந்திரராஜா அண்ணையிடம் சொன்னால் போதும். போட்டது யார், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் மூச்சு விடமாட்டேன். அச்சில் வைப்பதானால் பெயர்களை மாற்றாமல் வை. அல்லது உன்னுடையதை மட்டும் மாற்றிக்கொள். கடைசியில் ஆறு வரி இடம் விட்டிருக்கிறேன். அதில் நீ என்ன எழுதினாலும் அது கதையைச் சேர்ந்தது. ஒன்றும் எழுதாமல் மூடினாலும் சரி.

அந்தக் கம்பளிச் சட்டைக் கதையை அழித்துவிட்டேன். இதை வேறு எந்த மலருக்கும் அனுப்பவில்லை. இன்று பதினைந்தாம் திகதி, நேரம் பதினொன்றரை. நான் ஒரு வீட்டின் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.