சிவப்புக் கொடிக்குப் பின்னால்

காலையில் ஐந்தரைக்கு எழுந்தான். போர்வையை நான்காக மடித்துத் தலைமாட்டில் வைத்தான். அரைக் குவளைத் தண்ணீரில் முகம் மழித்தான். இடது கன்னம் முதலில். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினான். தேள் எதுவும் விழவில்லை. மாட்டிக்கொண்டான். பால் இல்லாத தேநீர் ஒரு குவளை குடித்தான். துழாவும் கம்பி, தூரிகை, மண்கரண்டி, வெள்ளை நாடாச் சுருள், முளைக்குச்சிகள் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பைக்குள் போட்டான். வயல் விளிம்பில் குப்புறப் படுக்கும் முன் அவன் உதடுகள் கொஞ்சம் அசைந்தன. அவ்வளவுதான்.

வம்பெல்லாம் அந்த உதடுகளால் வந்தது.

அவன் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தான். பட்டம் வாங்கியவன் அங்கே அவன் ஒருவன்தான் என்பதால் எல்லோருக்கும் அவன் காலேஜ். பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வயல். அதன் நடுவே பீரங்கி வண்டிகளுக்கு வழி திறக்க வேண்டும். அதற்காக முதலில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. இதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த பிரிவு ஒன்பதே நாளில் பாதியாகிவிட்டது. இவன் முன்னால் படுக்கத் தொடங்கி நாற்பத்து மூன்று நாள். அறுபத்தொரு கண்ணிவெடி எடுத்தாயிற்று. ஒருவன் மேலும் நகக்கீறல் கிடையாது.

எப்படி என்று கேட்டால், "மெதுவா எடுக்கறேன்" என்பான். உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு சப்பென்ற காரணத்தை யார் ஏற்பார்கள்?

உதட்டசைவை முதலில் கண்டுபிடித்தவன் தையல். ஊரில் துணி தைத்துக்கொண்டிருந்தவன்; ஊசிக்காது அளவு சங்கதியும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

"டேய், காலேஜு படுக்கறதுக்கு முன்னாடி என்னமோ மந்திரம் சொல்றான்டா."

"கணக்குப் போடுவான்," என்றான் லாரி. போருக்கு முன் பதினாறு சக்கர வண்டி ஓட்டியவன்.

"கண்ணை மூடிக்கிட்டு எவன்டா கணக்குப் போடுவான்?"

"நான் வண்டியே ஓட்டியிருக்கேன்."

என்ன மந்திரம் என்ற கேள்விக்கு விடை தானாக வந்து மடியில் விழுந்தது. வாராவாரம் படைக்கு வழிபாட்டுத் தாள் ஒன்று அச்சாகி வரும். அதில் ஒரு வரி: 'நம் வீரர் ஒருவரின் மனைவி கடைசியாகக் கூறியது, கடவுள் உங்களைக் காப்பாற்றுவார்.' பிரிவில் மனைவியை இழந்தவன் காலேஜ் ஒருவன்தான்.

அந்த வரி பிறந்த கதை வேறு. ஏழு மாதத்துக்கு முன் காலேஜின் மனைவி நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். செய்தி போர்முனைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து ஒரு வாரம். படையின் மதகுரு இவனைக் கூடாரத்துக்கு அழைத்து ஒரு படிவத்தை விரித்தார். மறைந்தவர் பெயர், வயது, உறவு. ஏழாவது கட்டம்: கடைசியாகக் கூறியது. இவன் பத்து நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"தம்பி, கடவுள் காப்பாத்துவார்னு ஏதாவது சொல்லியிருப்பாங்க, இல்லையா?" என்றார் மதகுரு, கனிவாக.

"எழுதிக்கோங்க," என்றான்.

கட்டம் நிறைந்தது. நிறைந்த கட்டம் சும்மா இருக்குமா? பிரசங்கத்தில் ஏறியது, தாளில் ஏறியது, கடைசியில் தையலின் தலையிலும் ஏறியது. அன்று முதல் இவன் மனைவி பிரிவு முழுவதற்கும் அண்ணி ஆனாள். "அண்ணி இருக்காங்க, பாத்துப்பாங்க" என்பது பிரிவின் வாய்ப்பாடாயிற்று. லாரி அந்த வரியைத் தன் தலைக்கவசத்தின் உட்புறம் எழுதியே வைத்துவிட்டான்.

காலேஜ் மறுக்கவில்லை. மறுத்தால், "அப்ப என்னதான் சொன்னாங்க?" என்று கேட்பார்கள். அவள் கடிதங்கள் பெட்டியில் இருந்தன. அவற்றை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். அவள் வாயால் சொல்லி இவன் காதால் கேட்டவற்றில் கடைசியானது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தால் தேய்ந்துபோகும் என்று ஒரு பயம். கடவுளைப் பொறுத்தவரை அவனுக்கு நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

ஆனால் பக்திக்கு எட்டி நிற்கத் தெரியாது. விதி என்னவென்றால், முன்னால் ஒருவன் தோண்டும்போது மற்றவர்கள் இருபத்தைந்து தப்படி தள்ளி, சிவப்புக் கொடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். வெடித்தால் ஒருவனோடு போகும். அந்த இருபத்தைந்து, முதலில் இருபதாகச் சுருங்கியது. பிறகு பன்னிரண்டு. ஒரு நாள் தையல் ரொட்டி மெல்லும் சத்தமே காலேஜுக்குக் கேட்டது.

"கொடியை எங்கடா நட்டே?"

"நட்ட இடத்துலயேதான் இருக்கு. நான்தான் இங்க வந்துட்டேன்."

"பின்னாடி போ. வெடிச்சா உன்னையும் சேர்த்து வழிக்கணும்."

"உன் பக்கத்துல வெடிக்காது காலேஜு. தள்ளி நின்னாத்தான் எனக்கு உதறுது. அண்ணி கண்ணுல நானும் படணும்ல?"

சார்ஜென்டிடம் சொன்னான். அவர் சாமி, பூதம் எதையும் நம்பாதவர். அதை நாளுக்கு இரண்டு தடவை உரக்கச் சொல்பவர். கொடியைத் தாண்டுகிறவனுக்கு ஒரு வாரம் கழிவறைக் குழி வெட்டும் வேலை என்று அறிவித்தார். மறுநாள் திரும்பிப் பார்த்தால், கொடிக்கு இந்தப் பக்கம் அவரே நிற்கிறார்.

"மேற்பார்வை," என்றார்.

மதகுருவும் ஒரு காலை தண்ணீர்த் தொட்டியருகே இவனை மடக்கினார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த வார்த்தையை நீ எப்படிச் சொல்றே? மூச்சை இழுத்துக்கிட்டா, விட்டுக்கிட்டா?"

"ஏன் ஐயா?"

"முப்பது வருஷமா நானும் சொல்றேன். அந்தப் பக்கம் யாரோ ரிசீவரைக் கீழ வெச்சுட்டுப் போன மாதிரியே இருக்கு. உனக்கு மட்டும்தான் லைன் கிடைக்குது."

இவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரை இருந்தது நல்லதாகப் போயிற்று.

நாற்பத்து நான்காம் நாள், பாலத்துக்கு எண்பது தப்படி இருக்கும்போது கம்பி முனையில் இரும்பு தட்டியது. தூரிகையால் மண்ணை விலக்கினான். வண்டியையே புரட்டிப்போடும் பெரிய ரகம். இந்த ரகத்தைத் தனியாகப் புதைக்க மாட்டார்கள். துணைக்குச் சின்னது ஒன்றிரண்டு அக்கம்பக்கத்தில் இருக்கும். கழுத்தில் யாருடைய மூச்சோ பட்டது.

திரும்பினான். தையல், லாரி, சார்ஜென்ட். அவர்களுக்கு நடுவே கையில் வழிபாட்டுத் தாளோடு மதகுரு. ஒரு மீட்டர் பாதையில் நான்கு பேர், பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு.

"பின்னாடி போங்க."

"நீ எடு காலேஜு. நாங்க வேண்டிக்கிட்டிருக்கோம்," என்றான் லாரி.

"சார், நீங்களாவது உத்தரவு போடுங்க."

"போட்டா கேக்கணுமே," என்றார் சார்ஜென்ட். தாமும் நகரவில்லை.

காலேஜ் நான்கு ஜோடி பூட்ஸைப் பார்த்தான். தான் போவதில் அவனுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்னும் நான்கு வீட்டுக்குப் படிவம் விரியும். அந்தச் சாவுகள் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு வரும். தூரிகையைக் கீழே வைத்தான்.

"அவ அப்படிச் சொல்லல," என்றான்.

"எப்படிச் சொல்லல?"

"கடவுள் காப்பாத்துவார்னு. அது ஐயா சொன்னது. நான் எழுதிக்கோங்கன்னேன்."

எல்லோரும் மதகுருவைப் பார்த்தார்கள்.

"கட்டம் காலியா இருந்துச்சுப்பா," என்றார் அவர்.

லாரி தலைக்கவசத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். இனி விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று காலேஜ் நினைத்தான். படிப்பு அங்கேதான் காலை வாரிவிட்டது. தையல் இன்னும் அரைத் தப்படி நெருங்கி வந்தான்.

"அப்ப நிஜ மந்திரம் வேற! அதைத்தான் இத்தனை நாளா மறைச்சு வெச்சிருக்கே."

"அது மந்திரம் இல்லடா."

"பாருங்கய்யா, இல்லங்கறான். மந்திரம் வெச்சிருக்கறவன் எவன் ஆமான்னு ஒத்துக்கிட்டிருக்கான்?"

காலேஜ் கொடியைக் கை காட்டினான்.

"சொல்றேன். கொடிக்குப் பின்னாடி போனாத்தான்."

உத்தரவும் கழிவறைக் குழியும் சாதிக்காததை அது சாதித்தது. நான்கு பேரும் வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். சார்ஜென்ட் தப்படி எண்ணினார். இருபத்தைந்துக்கு மேல் ஒன்று கூடுதலாகவே போட்டார்.

காலேஜ் மறுபடி குப்புறப் படுத்தான். பெரியதன் மூடியைத் திருகி, வெடியைத் தூண்டும் உள்முனையை எடுத்துத் தனியே வைத்தான். எடுக்கும்போது எப்போதும் போல அந்தக் காலைதான் மனதில் இருந்தது. கடைசி விடுப்பு முடிந்து வீட்டிலிருந்து கிளம்பியவன் கைக்கடிகாரத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தான். பூட்ஸ் காலோடு கதவைத் திறந்தான். கூடம் முழுக்க ஈரம். அந்தக் கோடியில், அடுக்களை வாசலில், தரை துடைக்கும் துணியும் வாளியுமாக அவள். இவன் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைத்தான் பார்த்தாள். சத்தம் போட்டாள். இவன் கதவு நிலையிலேயே நின்றான். தரை காய்ந்ததும் கடிகாரத்தை அவளே எடுத்துவந்து கையில் கட்டிவிட்டாள். அப்போது ஒன்றும் பேசவில்லை. சிரித்தாள். அந்தப் பேருந்து போய்விட்டது, அடுத்ததில் போனான்.

"எடுத்துட்டியா?" கொடிப் பக்கமிருந்து தையலின் குரல்.

"பெரிசை எடுத்துட்டேன். சின்னது பக்கத்துல எங்கயோ இருக்கு."

"அது கிடக்கட்டும். நாங்க வந்துட்டோம்ல, சொல்லு!"

சொன்னான். முணுமுணுத்தே பழகிய குரல். பத்துத் தப்படிகூடப் போகவில்லை.

"கேக்கலை!"

லாரி காதுக்குக் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். தையல் கொடியைத் தாண்டினான். "என்னவாம், என்னவாம்?" என்றபடி சார்ஜென்டும் தாண்டினார். முப்பது வருஷமாகக் காத்திருந்த மதகுருவுக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்று பேரையும் முந்தி வரலாம் என்று வெள்ளை நாடாவுக்கு வெளியே, யாரும் துழாவிப் பார்க்காத மண்ணின் மேல், காலைத் தூக்கினார்.

காலேஜ் மண்டியிட்டு எழுந்தான். ஏழு மாதம் உதட்டுக்குள் வைத்திருந்ததை, அன்று அவள் போட்ட அதே சத்தத்தில், அடுக்களையிலிருந்து வாசல்வரை எட்டுகிற சத்தத்தில், கத்தினான். மதகுருவின் கால் அந்தரத்திலேயே நின்றது. தையல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நான்கு பேருக்கும் இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அங்கேயே நில்லுங்க! இப்பதான் துடைச்சேன், மிதிக்காதீங்க!"