டிவியை அணைத்தவர்

1

இந்தக் கதையில் பாதி எனக்குச் சும்மா கிடைத்தது. என் வீட்டுச் சோலார் மின்சாரத்துக்கு ஒரு பெட்டி பொருத்த ஒருவர் வந்திருந்தார். மேகம் மறைத்து வோல்டேஜ் தாழ்ந்தால் அந்தப் பெட்டி அதைத் தூக்கி நிறுத்தும். ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "இதை வாங்கின ஒருத்தர், மேட்ச் ஓடிட்டிருக்கும்போதே டிவியை அணைச்சுட்டு ரெக்கார்டரை மட்டும் ஓட விட்டாராம்."

"ஏன்?"

"அவர் பொண்ணு அதுல இருந்துச்சாம்."

அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. கட்டியதை நம்புகிறேன்.

2

'வானம் அன்று ஒரு துரோகியைப் போல—'

வேண்டாம். மேகம் மேகந்தான்.

அந்த அப்பா பஸ் ஓட்டுநர். மகள் கால்பந்து நடுவர். டிவியில் ஒளிபரப்பாகும் ஆட்டம் அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கிடைத்தது. (அவளை வானிலை அறிக்கை வாசிப்பவளாக ஆக்கினால் மேகத்தோடு பொருந்திப்போகும் என்று ஆசைப்பட்டேன். ரொம்பவே பொருந்தியது; கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

மகள் விசிலைக் கையில் எடுத்ததிலிருந்து அப்பா அவளிடம் "சாப்பிட்டியா"வைத் தாண்டிப் பேசியதில்லை. "மைதானம் மொத்தமும் திட்டும். கண்டவன் வாயில விழணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்து?" என்பது அவர் கட்சி.

அம்மா நர்ஸ். அன்று பகல் டியூட்டி. கிளம்பும்போதே கறாராகச் சொன்னாள்: "நீங்க பாருங்க, பாக்காம போங்க. எனக்கு ரெக்கார்டர்ல மேட்ச் முழுசா பதிவாகணும்."

"நான் எதுக்குப் பாக்கறேன்?" என்றார்.

3

பார்த்தார். உட்கார்ந்தால் பார்த்ததாகிவிடும் என்பதால் நின்றுகொண்டே பார்த்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரு அணியும் சமம். கோலுக்கு அருகே ஒருவன் விழுந்தான். மகள் விசிலை ஊதி, பெனால்டி என்று கையை நீட்டினாள். பத்துப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவள் ஓரடி பின்வாங்கவில்லை.

"தள்ளி நின்னு பேசுங்கடா!" என்று திரையைப் பார்த்து அதட்டினார் அப்பா.

அப்போதுதான் வெளியே மேகம் மூடி இருட்டியது. சோலார் பெட்டி கீச் கீச் என்று அலறத் தொடங்கியது. தாங்கவில்லை, பாரத்தைக் குறை என்று அர்த்தம். ஃபிரிட்ஜை அணைத்தார். ஃபேனை அணைத்தார். அலறல் நிற்கவில்லை. இனி மிச்சம் இரண்டுதான்: டிவி, ரெக்கார்டர்.

[இங்கே அவர் மனத்தில் ஓடியதாக ஒரு பக்கம் எழுதினேன். அவ்வளவு நேரம் அவருக்கு ஏது?]

டிவியை அணைத்தார். அலறல் நின்றது. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. கறுத்த திரைக்கு எதிரே உட்கார்ந்தார். மகளை அந்தப் பத்துப் பேர் நடுவில் விட்டுவிட்டு வந்தவரைப்போல அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

வெயில் திரும்பிய பிறகு மகள் போன் செய்தாள்.

"அம்மா வந்தாச்சாப்பா?"

"இன்னும் இல்ல. உனக்கு அடிகிடி படலையே?"

"இல்லப்பா." கொஞ்சம் தயங்கினாள். "பாத்தீங்களா?"

இந்த இடத்துக்கு மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் அவர் பொய் சொல்கிறார். ஒன்றில் மன்னிப்பு—அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

"பாத்தேன். நீ விசில் ஊதி நின்ன வரைக்கும். அதுக்கப்புறம் கரண்ட் இறங்கிடுச்சு. உங்கம்மாவுக்குப் பதிவாகணுமேன்னு டிவியை அணைச்சுட்டேன்."

"நான் குடுத்த பெனால்டி சரியான்னு எல்லாரும் சண்டை போட்டுட்டு இருக்காங்கப்பா. என்ன ஆச்சுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதே. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். பாத்துட்டு நானே உனக்குப் போன் பண்றேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குப் போன் பண்ணத் தெரியாதா?"

அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவர் ரிமோட்டை எடுத்தார்.

அந்தப் பெனால்டி சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. சோபாவில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். தீர்ப்பு எதுவானாலும் சத்தமாகத் திட்டிவிடாதீர்கள். பக்கத்தில் அவள் அப்பா இருக்கிறார்.