கம்பெனி பூட்ஸ்

விடியுமுன்பே கூட்ஸ் வண்டி ஆவடி ராணுவக் கிடங்கின் சைடிங் தண்டவாளத்தில் வந்து நின்றிருந்தது. வேகன் வாசலிலிருந்து தரைக்குச் சாய்த்துப் போட்ட பலகை பனியில் ஊறி, எண்ணெய்ப் பிசுக்கேறி வழுக்கியது. அதன்மேல் வேம்புலி பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்தது ராணுவ லாரிகளுக்கான உதிரிச் சாமான் அடைத்த பெட்டி. இரும்புப் பட்டை அடித்த ரெண்டாள் பெட்டி. மேல்பக்கம் நாகேந்திரன், கீழ்ப்பக்கம் வேம்புலி. சரிவில் இறங்கும்போது கனமெல்லாம் கீழ்ப்பக்கத்துக்காரன் நெஞ்சில்தான் வந்து சாயும். பட்டை விலா எலும்பில் அறுக்க, மூச்சை அடக்கிக்கொண்டு அவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தான். கால்விரல்கள் ஐந்தும் தனித்தனியே விரிந்து பலகையைக் கவ்விப் பிடித்தன.

கீழ்ப்பக்கம் எப்போதும் அவனுக்குத்தான். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை. அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் தாமாகவே மேல்பக்கம் போய்விடுவார்கள்.

நீளத்தில் அவை எல்லாரையும் போலத்தான். அகலத்தைத்தான் கேட்கக் கூடாது. கொரட்டூர் ஏரிப் பாசனத்தில் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சேறு மிதித்த கால்கள். கல்யாணத்தில் மாமனார் கால் கழுவத் தாம்பாளம் வைத்தார். ஒரு கால் வைத்ததும் தாம்பாளம் நிறைந்துவிட்டது. "இன்னொரு காலுக்கு அண்டா கொண்டாங்க!" என்று எவனோ கத்த, பந்தலே சிரித்தது. சிரிக்காதவள் கல்யாணப் பெண் எல்லம்மா ஒருத்திதான். அந்தப் புண்ணியவதி மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. குத்தகை நிலமும் கைவிட்டுப் போயிற்று. ஏரிக்கரைக் குடிசையில் மிஞ்சியது அவனும் ஒரு வெள்ளாடும்தான். அவன் ஏதாவது பேசினால் ஆடு திரும்பிப் பார்க்கும். அவனோடு பேச்சு வைத்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

உலகச் சண்டை வந்து ஆவடியில் கிடங்குகள் முளைத்தபோது, சாமான் இறக்கும் காண்டிராக்டர் வீரராகவனிடம் கூலியாகச் சேர்ந்தான். அங்கேயும் கஞ்சி குடிக்கும் நேரத்தில் தள்ளித்தான் உட்காருவான். பக்கத்தில் போனால் எவனாவது காலைப் பற்றி ஆரம்பித்துவிடுவான்.

அன்று பெட்டிகள் இறங்கி முடிந்த சமயம் வீரராகவனின் மோட்டார் வந்தது. பின்னாலேயே ஒரு லாரி. லாரியிலிருந்து கறுப்பு பூட்ஸ்களைக் கொட்டினார்கள். முனை கூராக, இடுப்பு ஒடுங்கி, எண்ணெய் தடவினாற்போல் மின்னின. எந்த ஊர் ஒல்லிக்காலை மனத்தில் வைத்துச் செய்தார்களோ!

"பெரிய துரை பார்வையிட வரப் போறார்" என்றார் வீரராகவன். "அவர் கண்ணிலே ஒரு வெறுங்கால் படக் கூடாது. திங்கட்கிழமையிலேர்ந்து கம்பெனி பூட்ஸ் இல்லாதவனுக்கு கேட்டுக்குள்ளே வேலையில்லே. விலையைக் கூலியிலே பிடிச்சுக்குவோம்."

ஆட்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் போவதுபோல் குவியலின்மேல் விழுந்தார்கள். பூட்ஸ் போட்டவன் நிமிர்ந்து நின்றான். நடந்து பார்த்தான். கெக்கெக்கென்று சிரித்தான். வேம்புலி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். இருப்பதிலேயே பெரியதில் கூட நாலு விரல்தான் நுழைந்தது. சுண்டுவிரல் வெளியே நின்றது.

"அண்ணாத்தே, உனுக்கு பூட்ஸு எதுக்கு? ரெண்டு தோணி வாங்கிக் கட்டிக்கோ!" என்றான் சம்பத். கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவன்தான். வேம்புலி தனக்குக் கொடுத்த ஜோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. காய்ந்த கொள்ளு தண்ணீர் குடித்தால் பானையையே விரிசல் விட வைக்கும். தோலை விரிக்காதா? சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பூட்ஸிலும் கொள்ளைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டான். விவசாயி மூளை விதைப்பைத்தானே நினைக்கும்! திங்கட்கிழமை காலையில் கயிற்றை அவிழ்த்தால், பூட்ஸ் விரிந்துதான் இருந்தது. எவ்வளவு விரிந்தது என்றால், பக்கத் தையல் இரண்டும் விட்டுப் போய், பிளவு வழியே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அதையே சணலால் கட்டிப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனான். மேஸ்திரி ஜம்புலிங்கம் குனிந்து பார்த்தான், மோந்து பார்த்தான்.

"இன்னாய்யா இது, பூட்ஸா, கொள்ளுக் கொல்லையா? கம்பெனி சாமான நாசம் பண்ணிட்டு வந்து நிக்கிறியே! சரியான பூட்ஸோட வா. இல்லாட்டி வராத."

கேட்டுக்கு உள்ளே சிரிப்பு அலைமோதியது. நாகேந்திரன்கூடச் சிரித்துவிட்டுப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லாரும் பளபளவென்று வரிசையாகப் போனார்கள். உலகத்தில் எல்லாக் காலுக்கும் பூட்ஸ் இருக்கிறது, தன் காலுக்குத்தான் இல்லை என்று வேம்புலிக்குத் தோன்றியது. அந்தத் தனிமை அவனுக்குப் பழக்கம்தான். சணலை அவிழ்த்து, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பினான்.

பூந்தமல்லியில் ஜோடு தைக்கும் உஸ்மான் கனியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, மறுநாளே நடந்தான். அவர் வேம்புலியின் காலைக் காகிதத்தின்மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். காகிதம் போதவில்லை. இன்னொன்றை ஒட்டினார்.

"இன்னா பாய், சிரிப்பு வர்லியா?"

"சிரிக்க இன்னா கீது தம்பி? கால் அளவு மரக்கட்ட புச்சா செதுக்கணும், அவ்ளோதான். நம்ம கிட்ட கீறதெல்லாம் குமாஸ்தாங்க காலு."

"வலிக்கக் கூடாது பாய். அதே மாதிரி பாக்கவும் நல்லா இருக்கணும். கேட்டுல நிக்கிறவன் ஒரு வார்த்த சொல்லப்படாது."

"மாப்பிள்ள மாதிரி அனுப்புறேன், போ."

விலைக்கு அவனிடம் இருந்தது வெள்ளாடு மட்டும்தான். சந்தையில் அதை விற்றுவிட்டு வந்த அன்று குடிசையில் விளக்கேற்றவே அவனுக்கு மனமில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, கேட்க ஆளில்லாமல் மூடிக்கொண்டான்.

ரெண்டு வாரம் கழித்து பூட்ஸ் தயாரானதும் போய்ப் போட்டுப் பார்த்தான். முனை வட்டமாக, அகலமாக, கறுப்புக் கண்ணாடிபோல் இருந்தது. விரல் ஐந்தும் உள்ளே தாராளமாகப் படுத்துக்கொண்டன. காலில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை. குமணன்சாவடி கடைவீதி வழியாக வரும்போது யாராவது பார்க்கமாட்டார்களா என்றிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காலை யாராவது பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டான். யாரும் பார்க்கவில்லை. வீட்டிலும் யாரும் இல்லை.

மறுநாள் விடிகாலையில் கேட்டில் போய் நின்றான். ஜம்புலிங்கம் லாந்தரைத் தாழ்த்திப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் கண்ணிலேயே ஆசை தெரிந்தது.

"ஷோக்காத்தான் கீது. ஆனா கம்பெனி பூட்ஸ் இல்லியே. கம்பெனி பூட்ஸ்தான் போடணும்னு உத்தரவு."

"கம்பெனி பூட்ஸு கால்ல நொழையலியே மேஸ்திரி!"

"அது உன் காலோட தப்பு. நா இன்னா பண்றது?"

வேம்புலி பதில் சொல்லுமுன் சைடிங் பக்கமிருந்து ஓர் அலறல் வந்தது. பிறகு மரம் பிளக்கும் சத்தம். ஜம்புலிங்கத்தைத் தள்ளிவிட்டு வேம்புலி ஓடினான்.

பலகைக்குக் கீழே பெட்டி உடைந்து கிடந்தது. அதனடியில் நாகேந்திரனின் இடது கால். வேம்புலி இல்லாததால் இத்தனை நாளும் கீழ்ப்பக்கம் பிடித்தவன் அவன்தான். நாலு பேராகப் பெட்டியைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு கோணிப் போயிருந்தது. சம்பத் பூட்ஸின் கயிற்றை அறுத்தான்.

அடிபடாத வலது காலின் பூட்ஸையும் கழற்றியபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளுத்துக் கிடந்தன. குதிகால் தோல் பூட்ஸோடு கழன்று வந்தது. உள்ளே சீழும் பழைய ரத்தமும் துணிச் சுருளும்.

"கால் மரத்துப் போச்சு வேம்புலி" என்றான் நாகேந்திரன், பல்லைக் கடித்துக்கொண்டு. "பலவ எங்க கீதுன்னே தெர்ல. காத்துல வச்சிட்டேன்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னியாடா?"

சம்பத்தான் தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றினான். அவன் குதிகாலிலும் அதே புண்தான். அடுத்தவன் கழற்றினான். அதற்கடுத்தவன். வேம்புலி திகைத்துப் போய் ஒவ்வொரு காலாகப் பார்த்தான். சாய்ந்த காலும் சரி, ஒல்லிக் காலும் சரி, அந்த பூட்ஸ் எவன் காலுக்கும் ஆனதில்லை.

"எங்க ஊர் மேலத்தெருவுல எங்க நைனா செருப்பக் கையில எடுத்துகினுதான் போவாரு" என்றான் சம்பத், யார் முகத்தையும் பார்க்காமல். "நா கம்பெனி பூட்ஸ போட்டுகினு டக்கு டக்குனு நடந்தேன். ஒருத்தன் வாயத் தொறக்கல. கடிக்குதுன்னு சொன்னா புடுங்கிடுவாங்களோன்னு பயம். அதான் சிரிச்சிகினே இருந்தேன். உன்ன வேற சிரிச்சேன் அண்ணாத்தே."

வேம்புலிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தான் ஒருவன்தான் தனியாகக் கிடக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தானே! இவர்கள் அத்தனை பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே தனித்தனியாக வலித்திருக்கிறார்கள்.

நாகேந்திரனைக் கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரி லாரியில் ஏற்றினார்கள். லாரி போன பிறகு யாரும் சைடிங்குக்குத் திரும்பவில்லை. கழற்றிய பூட்ஸை அங்கேயே போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே கேட்டுக்கு வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறும் சமயம் வீரராகவன் வந்தார். மோட்டாரை விட்டு இறங்கும்போதே குரல் கொடுத்தார்.

"யார்ரா இதுக்குத் தலைவன்?"

"தலைவன்லாம் யாரும் இல்ல சாமி" என்றான் சம்பத். "காலுங்கதான் கீது. பாருங்க."

"பூட்ஸ் கொடுத்ததுக்கு இதா நன்றி? மாட்டுக்கு லாடம் அடிச்சா மாடு ரோட்டிலே படுத்துக்குதா?"

"மாட்டுக்கே குளம்பப் பாத்துதான் சாமி லாடம் அடிப்பாங்க."

வீரராகவன் முகம் கறுத்தது. "என்னடா வேணும் உங்களுக்கு?"

"நாகேந்திரன் எந்திரிச்சு நடக்கிற வரிக்கும் அவனுக்கு வைத்தியமும் கூலியும். எங்களுக்கு அளவெடுத்துத் தச்ச பூட்ஸு. கூலியில கை வைக்கப்படாது."

"முடியாதுன்னா?"

"முடியற வரிக்கும் உக்காந்துகினு கீறோம்."

வீரராகவனின் பார்வை கூட்டத்தை மேய்ந்து வேம்புலியின் காலில் வந்து நின்றது. இத்தனை வெறுங்கால்களுக்கு நடுவே அந்த ஒரு ஜோடி மட்டும் வெயிலில் மின்னியது. அவர் குரல் சட்டென்று இனித்தது.

"அடேடே, யார் தைச்சது? துரை பார்த்தா மெச்சுவார். உன்னையா மேஸ்திரி வெளியே நிறுத்தினான்? முட்டாள்! நீ உள்ளே போப்பா. உனக்கு இதுவே இருக்கட்டும். இன்னிலேர்ந்து நீ கங்காணி. ஜம்புலிங்கம், கேட்டைத் திற."

கேட் திறந்தது.

"போ அண்ணாத்தே" என்றான் சம்பத் மெதுவாக. "உம்மேல யாருக்கும் கோவம் இல்ல. ஆட்ட வித்துல்ல தச்சிகினு வந்தே?"

வேம்புலி எழுந்தான். அவன் கேட்டது இவ்வளவுதானே? வலிக்காத ஒரு ஜோடு, பிழைக்க ஒரு வேலை. இரண்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகின்றன. கேட்டைத் தாண்டி உள்ளே போனான். பின்னால் ஒருவன் பெருமூச்சு விட்டது கேட்டது. உள்ளே முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. வேகன் வாய் திறந்து நின்றது. பலகையில் ரத்தம் இன்னும் காயவில்லை. அவனுடைய பூட்ஸ் சத்தம் மட்டும் தகரக் கொட்டகையில் மோதித் திரும்பியது. குடிசையில் கேட்கும் அதே வெறுமை. அப்படியே திரும்பி வந்தான்.

"சாமி, அது ரெண்டாள் பெட்டி" என்றான். எல்லாருக்கும் கேட்டது. "கீழ்ப்பக்கம் நா புடிக்கிறேன். மேல்பக்கம் யாரு, நீங்க புடிப்பீங்களா?"

எவனோ முதலில் சிரித்தான். பிறகு சாலையே சிரித்தது. இந்தச் சிரிப்பில் வேம்புலியும் சேர்ந்துகொண்டான்.

"திமிரு! ஒருத்தனுக்கும் வேலை கிடையாது. நாளைக்கே வேற ஆள் கொண்டாறேன் பார்!" வீரராகவன் மோட்டார் கதவை அறைந்து சாத்தினார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி போயிற்று. சொன்னதைச் செய்கிற ஆள்தான் அவர். போலீஸையும் கொண்டுவருவார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் கோணி தைக்கும் கொட்டகையிலிருந்து, அங்கே கூலி வேலை செய்யும் பொன்னம்மாளும் மற்றப் பெண்களும் ஊசியைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தார்கள். "எங்க கையப் பாத்தா உங்க காலே தேவலாம்னு தோணும்" என்று சொல்லிக்கொண்டே பொன்னம்மாள் மண்ணில் உட்கார்ந்தாள். மதிய முறை வேலைக்காரர்கள் அம்பத்தூர்ப் பக்கமிருந்து பூட்ஸ் தேய நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்கள். திறந்த கேட்டையும் சாலையோரக் கூட்டத்தையும் பார்த்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கி நின்றார்கள்.

வேம்புலி தான் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, முன்னால் நின்றவனைப் பார்த்து, பக்கத்து மண்ணைக் கையால் தட்டினான்.

"நின்னுகினு கீறியே, கால் நோவலியா? இங்க வா. எடம் கீது."