பரஸ்தானம் போட்ட கிளைகள்

ஜுவேரியாவின் வேலை நிரந்தரமா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். மேனேஜர் குருபிரசாத் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

“சிம்பிள் மேட்டர் ஜுவேரியா. நீ எழுதற டாக்குமென்ட்டைப் படிச்சிட்டு ஏஐ ஏஜென்ட் ஒழுங்கா வேலை செஞ்சா நீ பர்மனென்ட். இல்லாங்காட்டி ஏஜென்ட் பர்மனென்ட்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்த ஆபீஸில் அவன் ஜோக்குக்குச் சிரிக்கிற ஆள் அவன் ஒருவன்தான்.

ஆபீஸ் தேனாம்பேட்டையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. தி. நகர் ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற கம்பெனி. மூலப் பிரதியில் கைவைத்து ஏதாவது ஆகிவிட்டால் அத்தனை கடையும் பில் போட முடியாமல் நிற்கும். அதனால் எந்தத் திருத்தமானாலும் தனியாக ஒரு நகல் எடுத்து அதில்தான் செய்வார்கள். அந்த நகலுக்குப் பெயர் கிளை. என்னென்ன கிளை இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொடுக்க ஒரு கருவி உண்டு. இனிமேல் அதை மனுஷர் இயக்கப்போவதில்லை, ஏஐ ஏஜென்ட் இயக்கப்போகிறது. அதற்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்று அவளும் நினைத்தாள், பாவம்.

அழகாகத்தான் எழுதினாள். கிளையின் பெயர், போட்டவர் பெயர், தேதி எல்லாம் பட்டியலில் வரும். ஒரு தடவைக்கு முப்பதுதான் வரும், மீதிக்கு அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். ஆகப் புதிய கிளையில்தான் பொதுவாக வேலை நடக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் பொருந்துகிற வாக்கியம்தான்.

செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தாள். ஆடித் தள்ளுபடி வேலை எந்தக் கிளையில் நடக்கிறது என்று ஏஜென்ட்டிடம் கேட்டாள். அது எட்டுப் பக்கத்தையும் புரட்டி, ஆகப் புதிய கிளைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, ‘இங்கே எந்த வேலையும் நடக்கவில்லை’ என்று பணிவாகச் சொன்னது. அவளே உள்ளே போய்ப் பார்த்தாள். உண்மைதான், காலி. அதற்கு முந்தியதும் காலி. இருநூற்றுப் பன்னிரண்டு கிளையில் நூற்று நாற்பது காலி. அத்தனையும் போட்டது ஒரே ஆள், கம்பெனியின் மூத்த எஞ்சினியர் அனந்தராமன்.

“சார், இவ்ளோ காலிக் கிளை எதுக்கு?”

மயிலாப்பூர்க்காரரான அனந்தராமன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “பரஸ்தானம்மா.”

“அப்படின்னா?”

“நல்ல நாள்ல ஊருக்குக் கிளம்ப முடியலேன்னு வெச்சுக்கோ. பையை மட்டும் நல்ல நேரம் பார்த்துப் பக்கத்தாத்துல கொண்டு வெச்சுடுவோம். கிளம்பியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் எப்ப வேணா போய்க்கலாம். இதுவும் அப்படித்தான். நல்ல நேரத்துல கிளையைப் போட்டுடுவேன். வேலையைச் சாவகாசமா ஆரம்பிச்சுப்பேன்.”

“கம்ப்யூட்டருக்குமா சார்?”

“ஆறு வருஷம் முன்னாடி ராகுகாலத்துல ஒண்ணு போட்டேன். தீபாவளி விற்பனையில எட்டு பர்சென்ட் தள்ளுபடிக்குப் பதிலா எண்பது பர்சென்ட் அடிச்சுத் தள்ளிண்டிருந்தது. யாருக்கும் காரணம் தெரியலே. எனக்குத் தெரியும்.”

ஒரு சைபர் கூடுதலாக விழுந்ததுதான் காரணம் என்று ஜுவேரியாவுக்கும் தெரிந்தது.

“இதை எழுதிடாதேம்மா. குருபிரசாத் படிச்சான்னா மானம் போயிடும்.”

பார்க்கப் பாவமாக இருந்தது. ‘காலிக் கிளைகளைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று மட்டும் எழுதி வைத்தாள். புதன்கிழமை ஏஜென்ட் சரியான கிளையைக் கண்டுபிடித்தது. அதோடு நின்றதா? முந்திரிக்கொட்டை. ‘பொருட்படுத்த வேண்டாத 140 கிளைகளையும் அழித்துவிடட்டுமா?’ என்று கேட்டது.

பின்னால் நின்றிருந்த அனந்தராமனுக்குக் காபி சட்டையில் கொட்டியது. “ஐயையோ! வெச்ச பரஸ்தானத்தை எடுக்கவே கூடாதும்மா!”

முழுப் பூசணிக்காயை ஒரு பக்கக் குறிப்பில் மறைக்க முடியாது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினாள். இங்கே காலிக் கிளை என்றால் கைவிட்ட வேலை அல்ல, தொடங்கப்போகிற வேலை. அழிக்கக் கூடாது. போட்ட தேதியைப் பார்க்காமல் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்க்க வேண்டும். மூத்த எஞ்சினியர் ஒருவர் ராகுகாலம் தவிர்த்து, நல்ல நேரத்தில்தான் கிளை போடுவது இங்கே வழக்கம்.

பெயர் எழுதவில்லை. ஆனால் மற்ற இரண்டு எஞ்சினியர்களுக்கும் மீசையே இன்னும் சரியாக முளைக்கவில்லை. அனந்தராமன் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“சரி, இருக்கட்டும். என் மானத்தைக் காப்பாத்த உன் வேலை போக வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சண்முகசுந்தரம் வந்தார். பாண்டி பஜார் பக்கம் மூன்று ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். ஏஜென்ட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. குருபிரசாத் வாய் ஓயாமல் பெருமை பேசினான். குறிப்பை அவன் படித்திருக்கவில்லை. எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ஏஜென்ட் அரை நிமிஷத்தில் சரியான கிளையை எடுத்துக் காட்டியது. ஜுவேரியாவுக்கு மூச்சு வந்தது.

“நல்லாத்தான் கீது,” என்றார் சண்முகசுந்தரம். “அப்படியே தீபாவளிக்கும் ஒரு கிளை போடச் சொல்லுங்க.”

பெரிய திரையில் எழுத்து ஓடியது. ‘இன்று வெள்ளிக்கிழமை. 10.30 முதல் 12 வரை ராகுகாலம். இங்குள்ள வழக்கப்படி 12 மணிக்கு மேல் போடட்டுமா?’

குருபிரசாத்தின் முகம் செத்துவிட்டது. “இன்னாது இது? யார் எழுதுனது?”

வேலை பார்த்த மூன்று மாதமும் போச்சு என்று நினைத்தாள் ஜுவேரியா. “நான்தான் சார்.”

“எழுதினது அவ,” என்று அனந்தராமன் எழுந்து நின்றார். “வழக்கம் என்னோடது.”

சண்முகசுந்தரம் திரையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குருபிரசாத்தைப் பார்த்தார்.

“ஏம்பா, மெஷினுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே! ராகுகாலத்துல கையெழுத்துப் போட என்னை வரச் சொல்லியிருக்கியே!”

“சார், அந்த டைம்தான் ஃப்ரீயா...”

“பன்னெண்டு அடிக்கற வரைக்கும் பேனாவைத் தொட மாட்டேன். காபி சொல்லு. இந்தப் பொண்ணு எவ்ளோ நாளா உங்ககிட்ட கீது?”

“மூணு மாசம் சார். இன்னிக்கு கன்ஃபர்ம் பண்றோம் சார்!” குருபிரசாத் ஓடிப்போய்ப் பணி நிரந்தரக் கடிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். பேனா மூடியைக்கூட அவனே கழற்றிக் கொடுத்தான்.

மணி பதினொன்று இருபது. அனந்தராமன் அவள் காதருகே குனிந்தார். “நாப்பது நிமிஷம்தாம்மா. பொறுத்துக்கோ.”

ஜுவேரியா யோசித்தாள். ராகுவை அவள் பார்த்ததில்லை. குருபிரசாத்தை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது நிமிஷத்தில் அவன் மனசு நாலு தடவை மாறும்.

“பிஸ்மில்லா” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள்.

இறுக மூடியிருந்த கண்களை அனந்தராமன் மெதுவாகத் திறந்தார். “சாமி பேரைச் சொல்லித்தானே போட்டே?”

“ஆமா சார்.”

“அப்ப சரி,” என்றார், காபியை எடுத்துக்கொண்டு.